குடித்தவனும் கடை வைத்தவனும்

"குடிகாரக் கூட்டம்! திருந்துமா இது?" என்று முகம் சுளிப்பவர்களை நாம் நித்தம் சந்திக்கிறோம். சந்தை நாளிலே, சம்பள நாளிலே, ஒருவன் தள்ளாடிச் செல்வதைக் கண்டுவிட்டால் போதும். அவன் குலத்தைச் சொல்வார்கள், குடிப்பிறப்பைச் சொல்வார்கள், "பிறவிக் குணம்" என்பார்கள், "தலையெழுத்து" என்பார்கள். சொல்பவர்கள் படித்தவர்கள், சிலர் பகுத்தறிவுப் பேசுபவர்களும்கூட!

பிறவிக் குணமென்றால் அது ஓரிரவில் மாறக்கூடாது. தலையெழுத்தென்றால் அதைச் சட்டத்தின் எழுத்து அழித்துவிடக் கூடாது. ஆனால், 1937-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் மாலை கடைக்குச் சென்ற உழைப்பாளி, மறுநாள் மாலை நேரே வீட்டுக்குச் சென்றான். ஒருவனல்ல, ஊர் ஊராக! இது நடந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில். அன்று இரவு அவன் குலம் மாறிவிட்டதா? முன்வினைக் கணக்கு நள்ளிரவோடு முடிந்துவிட்டதா? இரண்டும் இல்லை. கடை மூடப்பட்டது, அவ்வளவே.

நாம் இதை மொரப்பூரிலிருந்து எழுதுகிறோம். தருமபுரி தனி மாவட்டமானது 1965-ஆம் ஆண்டு அக்டோபரில். அதற்கு முன் இந்த மண் சேலம் மாவட்டத்தின் வடபகுதி. ஆகவே, இந்தியாவில் மதுவிலக்குச் சட்டம் முதன்முதலில் சோதனை செய்யப்பட்ட களங்களில் நம் ஊரும் ஒன்று. நம் பாட்டன்மார் சோதனைக்கு ஆளானவர்கள். அந்தச் சோதனையின் கதை நமக்குச் சொல்லித் தரப்படவில்லை. அசோகர் மரம் நட்டது பாடத்தில் உண்டு. பனைமரத்துக்கு வெள்ளையன் வரி போட்டது பாடத்தில் இல்லை.

அந்த வரியிலிருந்தே தொடங்குவோம்.

1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்தின் கீழ் அமைந்த ஏற்பாட்டிலே சர்க்காருக்குப் பணம் வரும் வழிகள் மூன்று. கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் மரவரி. சாராயத்துக்கு வடிசாலையை விட்டு வெளியே வரும்போதே தீர்வை. கள்ளும் சாராயமும் விற்கும் கடைக்கு ஏலம். "குறைந்த குடி, நிறைந்த வருவாய்" என்பதே எங்கள் கொள்கை என்று சர்க்கார் சொல்லிக்கொண்டது. எவ்வளவு நேர்த்தியான வாசகம்! பூனை, பாலைக் குறைவாகக் குடித்து நிறைவாகக் கொழுப்பேன் என்று விரதம் பூண்டதுபோல!

ஏலத்தைப் பாருங்கள். கடையை எடுக்க நான்கு பேர் போட்டியிடுகிறார்கள். உயர்ந்த தொகை கேட்டவனுக்குக் கடை. அவன் மாதந்தோறும் கிஸ்தி கட்ட வேண்டும். மழை பெய்தாலும் பொய்த்தாலும் கிஸ்தி. ஊரில் விளைந்தாலும் காய்ந்தாலும் கிஸ்தி. கிஸ்தித் தொகை அளவுக்கு விற்றால் அவன் கை நட்டம். அதற்கு மேல் விற்கும் ஒவ்வொரு மொந்தையும்தான் அவனுக்கு ஆதாயம். இந்நிலையில் அவன் என்ன செய்வான்? கூலி கிடைக்கும் இடத்துக்கு அருகில் கடையைக் கொண்டுவருவான். சந்தைக்கு வருபவனை விளிப்பான். கையில் காசில்லாதவனுக்குக் கடன் கொடுப்பான். அவன் கெட்டவனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்லவனை அந்த இடத்தில் உட்கார வைத்தாலும், மூன்றாவது மாதக் கிஸ்தி அவனுக்கு அந்த வித்தைகளைக் கற்றுக் கொடுத்துவிடும். மரவரியும் அப்படித்தான். வரி கட்டியாகிவிட்டது, பருவம் முடிவதற்குள் அந்த மரத்திலிருந்து எவ்வளவு கறக்க முடியுமோ அவ்வளவும் கறந்தாக வேண்டும் மரமேறி. பனை, தென்னை, ஈச்சை எல்லாம் சர்க்காரின் கணக்குப் புத்தகத்தில் ஏறி நின்றன.

குடித்தவன் மட்டும் குற்றவாளிக் கூண்டிலே!

சென்னை மாகாண வருவாயில் இந்த ஆப்காரி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு என்னும் அளவுக்கு வளர்ந்தது. அதோடு 1920-இல் வந்த இரட்டையாட்சி இன்னொரு முடிச்சையும் போட்டது. நிலவரியும் காவலும் கவர்னரின் கையில் நிறுத்தி வைக்கப்பட்டன. கல்வி அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்டது; கலாலும் ஒப்படைக்கப்பட்டது. கையைக் கட்டிவிட்டுக் கஞ்சியை ஊற்றியது போன்ற ஏற்பாடு. பள்ளிக்கூடம் திறக்க வேண்டுமா? கள்ளுக்கடைப் பணம் இருக்கிறது, எடுத்துக்கொள். கள்ளுக்கடையை மூட வேண்டுமா? மூடு, பள்ளிக்கூடத்தையும் சேர்த்து மூடு. நீதிக் கட்சி அமைச்சர்கள் இந்த முடிச்சுக்குள்ளேதான் பதினாறு, பதினேழு ஆண்டுகளில் பெரும்பகுதியைக் கழித்தார்கள். அவர்களுக்கு ஒழுக்கத்தில் அக்கறை இல்லை என்று எழுதியவர்கள் உண்டு. அக்கறையின் அளவை நாம் அறியோம். முடிச்சின் இறுக்கத்தை அறிவோம். குழந்தையின் சிலேட்டுக்கும் தகப்பனின் மொந்தைக்கும் ஒரே கயிறு கட்டப்பட்டிருந்தது. ஆசிரியத் தொழில் பார்க்கும் நமக்கு அந்தக் கயிற்றின் மறுமுனை உறுத்தத்தான் செய்கிறது.

1937 ஜூலையில் ஆச்சாரியார் முதலமைச்சரானார். அந்தப் பதவிக்கு அன்று பிரதமர் என்று பெயர். அவர் சேலத்தில் வழக்கறிஞராக இருந்தவர். சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்துக் குடிக்கு எதிராகப் பிரசாரம் செய்தவர். அதற்கென்றே 'விமோசனம்' என்று ஓர் இதழும் நடத்தியவர். பிரசாரம் பல ஆண்டு நடந்தது. கடைகள் திறந்தே இருந்தன. பதவி வந்த மூன்று மாதத்துக்குள் சட்டம் வந்தது. அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்துக் கடைகள் மூடப்பட்டன.

அவரது மந்திரிசபைதான் மறு ஆண்டு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. அதற்காக அவரை எதிர்த்த மரபில் வந்தவர்கள் நாம். அந்த எதிர்ப்பில் ஓர் அணுவும் குறைக்காமலேயே, சேலத்துக் கணக்கை நேர்மையாகப் பார்க்கலாம். பகைவர் செய்த கணக்கு என்பதால் இரண்டும் இரண்டும் ஐந்தாகிவிடாது.

பொருளியல் அறிந்தவர்கள் மாவட்டத்தில் ஆய்வு செய்தார்கள். குடும்பங்களின் வரவு செலவைக் கேட்டுக் குறித்தார்கள். உணவுக்கும் துணிக்கும் செலவு கூடியிருந்தது. கடன் அடைபட்ட இடங்கள் இருந்தன. காப்பி, தேநீர்க் கடைகளுக்குக் கூட்டம் சேர்ந்தது. வீட்டுச் சண்டை குறைந்தது என்று பெண்கள் சொன்னார்கள். இதிலே வியப்பதற்கு என்ன இருக்கிறது? கைப்பணம் கடைக்குப் போகவில்லை, வீட்டுக்கு வந்தது. எந்தச் சொற்பொழிவாளரும் அவன் உள்ளத்தைத் திருத்தவில்லை. அவன் நடந்து செல்லும் பாதையில் இருந்த ஒரு கூரை எடுக்கப்பட்டது.

"எல்லை ஒன்று இருந்ததே, தாண்டிச் சென்று குடித்திருக்க மாட்டானா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. நம் ஊர்தான் அதற்கு விடை சொல்ல ஏற்ற இடம். சென்னையிலிருந்து சேலம் செல்லும் பெரிய இருப்புப் பாதையில் மொரப்பூர் ஒரு நிலையம். வடக்கே ஏறத்தாழ முப்பது கல் தொலைவில் திருப்பத்தூர். அது 1911 முதல் வடஆர்க்காடு மாவட்டம். சட்டம் அங்கு இல்லை, கடை திறந்திருந்தது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் போடப்பட்ட சிறு பாதை, 1913-இல் ஓசூர் வரை நீண்டிருந்தது. ஓசூருக்கு அப்பால் மைசூர் சமஸ்தானம். (பஞ்ச காலத்துக்கென்று போட்ட அந்தப் பாதையை 1941-இல் உலகப் போரின்போது மூடிப் பெயர்த்தெடுத்துக்கொண்டு போனார்கள். பஞ்சம் காக்க வந்த தண்டவாளம் போருக்குப் போயிற்று! அது தனிக் கதை.) ஆக, 1937-இல் மொரப்பூர் மேடையில் நின்றவனுக்கு இரண்டு திசையிலும் வழி இருந்தது. ஆனால் இரயில் கட்டணம் வேண்டும். ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். திரும்பி வர வேண்டும். பண்ணைக்காரனுக்கு அது பொருட்டல்ல. பண்ணையாளுக்கு அது மலை. நூறு கெஜத்தில் இருந்த கடை முப்பது கல்லுக்குப் போனதும், 'பிறவிக் குணம்' வழிச்செலவுக்குக் காசில்லாமல் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டது.

சட்டம் எல்லைக் கல்லோடு நின்றால் நெடுநாள் நிற்காது என்பதும் தெரிந்தே இருந்தது. 1938 அக்டோபரில் சித்தூர், கடப்பை. 1939 அக்டோபரில் வடஆர்க்காடு. ஒன்றையொன்று தொட்டு நிற்கும் மாவட்டங்களாகவே விரித்தார்கள்.

எல்லாம் பொன்னாக முடிந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். மரமேறி ஒருவன் இருந்தானே! கள் இறக்கினால் சிறை. பானையில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்கலாம், வெல்லம் காய்ச்சலாம் என்றார்கள். பதநீருக்கு விறகு வேண்டும், கொப்பரை வேண்டும், வெல்லத்துக்குச் சந்தை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அனுமதிச் சீட்டு வேண்டும். கிஸ்திக்காரன் பணத்தை எடுத்துக்கொண்டு வேறு தொழிலுக்குப் போய்விட்டான். மரத்தையும் வயிற்றையும் தவிர வேறொன்றும் இல்லாதவன்தான் மரத்தடியில் நின்றான். ஒரு சீர்திருத்தத்தின் விலையை எவன் கட்டினான் என்று பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும்; பெரும்பாலும், ஏலத்தில் பெயர் இல்லாதவன்தான் கட்டியிருப்பான்.

இனி, கஜானா. பிரசாரத்தில் எளிதாக மறந்துபோவது இதுதான், ஆனால் கதையின் உயிர்நாடி இங்கேயே இருக்கிறது. கலால் போனால் அந்தக் குழியை எதைக் கொண்டு நிரப்புவது? 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம், பொருள் விற்பனைக்கு வரி விதிக்கும் அதிகாரத்தை மாகாணங்களுக்குக் கொடுத்திருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு 1939-இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது, இந்தியாவிலேயே முதலாவது. வணிகர்கள் கொதித்தார்கள். ஆனால் வரி நின்றது. நாளடைவில் எல்லா மாகாணங்களும் அதைப் பின்பற்றின. அதாவது, குடியை ஒழிக்கப் புறப்பட்ட சட்டம் ஒழிந்தாலும், அதற்குத் துணையாகப் பிறந்த வரி ஒழியவில்லை. 1939 அக்டோபரில் காங்கிரசு மந்திரிசபை விலகியது. கவர்னர் ஆட்சி 1943-இல் மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. கடைகள் மீண்டும் திறந்தன. ஏலம் மீண்டும் நடந்தது. விற்பனை வரியைத் திருப்பிக் கொடுத்தார்களா? மாட்டார்கள்! ஒரு கையில் ஈடு, மறு கையில் மூலம். கஜானா இரண்டையும் வைத்துக்கொண்டது.

1946-இல் தொடங்கி, 1948-இல் ஓமந்தூரார் காலத்தில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு ஆயிற்று. ஆனால் சேலத்தின் முதல் ஆண்டைப் போல அது இருக்கவில்லை. கள்ளச்சாராயம் காய்ச்சினால் கிடைக்கும் ஆதாயம், பிடிபட்டால் கட்டும் அபராதத்தை விடப் பெரிது என்று கண்டவர்கள் பெருகினார்கள். மாமூல் என்னும் சொல்லுக்குக் கிராமங்களில் புதுப்பொருள் பிறந்தது. உடல்நலத்துக்கு மது தேவை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அனுமதிச் சீட்டு கிடைக்கும். மாளிகைவாசிக்கு அது மருந்து, மண்குடிசைவாசிக்கு அது குற்றம்! அமெரிக்கர்கள் 1920 முதல் 1933 வரை பட்டுத் தெளிந்த பாடமே இது: நாட்டின் அளவுக்குச் சட்டத்தை விரித்தவர்கள், கள்ளச் சந்தையின் ஆதாயத்தையும் அதே அளவுக்கு விரித்துவிட்டார்கள். 1964-இல் நீதிபதி தேக்சந்த் குழு நாடு முழுவதும் பார்த்து அறிக்கை தந்தபோது, கள்ளச்சாராயம் ஒரு தொழிலாகவே வளர்ந்திருந்தது.

பெரியாரின் நிலை இங்கே நினைக்கத்தக்கது. 1920-களின் தொடக்கத்தில் கள்ளுக்குப் பயன்படக் கூடாதென்று தம் தோப்பின் தென்னைகளை வெட்டிச் சாய்த்தவர் அவர். நாகம்மையாரும் கண்ணம்மாளும் ஈரோட்டுக் கள்ளுக்கடை முன் மறியலுக்கு நின்றார்கள். அதே பெரியார் பின்னாளில் சட்ட மதுவிலக்கை ஏற்கவில்லை. முரண் என்று நகைப்போர் நகைக்கட்டும். தம் மரத்தை வெட்டுவதும், அடுத்தவன் தொண்டையில் காவலரை நிறுத்துவதும் வெவ்வேறு செயல்கள் என்பதை நகைப்பதற்கு முன் எண்ணிப் பார்க்கட்டும்.

1971-க்கு வருவோம். நம் ஆட்சி, எனவே கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டிய இடம். மதுவிலக்கைப் புதிதாகக் கொண்டுவரும் மாநிலங்களுக்கு இழப்பில் ஒரு பகுதியை ஈடு செய்வதாக மத்திய அரசு முன்வந்தது. இருபதாண்டுக்கும் மேலாக இழப்பைச் சுமந்துகொண்டிருந்த தமிழ்நாடு, எங்களுக்கும் கொடுங்கள் என்றது. கிடைக்கவில்லை. நோயில் விழுந்தவனுக்கே மருந்துச் செலவு, நோயின்றி இருப்பவனுக்கு இல்லை என்பது போன்ற நீதி. அண்டை மாநிலங்கள் விலக்கைத் தளர்த்திவிட்டிருந்தன. கலைஞர் அரசு மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. 92 வயது ஆச்சாரியார் கலைஞரின் இல்லத்துக்கே சென்று, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் வேண்டுகோளில் உண்மை இருந்தது. கலைஞரின் கணக்கிலும் உண்மை இருந்தது. ஆனால் அதுவரை கள்ளுக்கடையையே பார்த்திராத ஒரு தலைமுறை கடை வாசலை முதன்முதலாகக் கண்டது அந்த ஆண்டில்தான். இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. 1974-இல் அதே அரசு மீண்டும் மூடியது. 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி திறந்தது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 1987-இல் கள்ளும் சாராயமும் மீண்டும் தடைசெய்யப்பட்டன; சீமைச் சரக்கின் சாயலில் ஆலையில் செய்த புட்டி மட்டும் தப்பியது. கேரளத்தில் கள் இறக்கலாம். இங்கே இறக்கினால் இன்றும் வழக்கு. மரமேறிக்குச் சிறை, ஆலைக்கு உரிமம். 1937-இல் மரத்தடியில் நின்றவனின் பேரன் இன்னும் மரத்தடியில்தான் நிற்கிறான்.

2003-இல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் ஏற்றது. ஏலம் ஒழிந்தது, போட்டி ஒழிந்தது என்று அன்று மகிழ்ந்தவர்கள் உண்டு. ஏலம் எடுத்தவன் போய்விட்டான், உண்மை. அவன் உட்கார்ந்திருந்த நாற்காலி எங்கே போயிற்று? அதில் அரசே அமர்ந்தது! கிஸ்திக்குப் பயந்து கடனுக்கு ஊற்றியவனின் பதைப்பு, இப்போது நிதிநிலை அறிக்கையின் பதைப்பாயிற்று. 2023-24-ஆம் ஆண்டில் இந்த வழியில் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைக் கடந்தது.

இதற்கு மேல் ஒரு பூட்டும் விழுந்தது. குடிக்கு மாற்றாக 1939-இல் கண்டுபிடிக்கப்பட்ட விற்பனை வரியை, 2017 ஜூலை முதல் சரக்கு சேவை வரி பெருமளவு விழுங்கிவிட்டது. விகிதத்தை இனி மாநிலம் தனித்து முடிவு செய்ய இயலாது. தில்லியில் மன்றம் கூடி முடிவு செய்யும். அந்த வலைக்குள் விழாமல் மாநிலத்தின் கையில் எஞ்சியவற்றுள் பெரியவை எண்ணெயும் மதுவும்தான். ஆச்சாரியார் மூடிய கதவுக்குப் பதிலாகத் திறந்த சன்னலையும் அடைத்துவிட்டு, "ஏன் அந்தக் கதவு வழியாகவே போகிறாய்?" என்று மாநிலங்களைக் கேட்கிறார்கள். இரட்டையாட்சியின் முடிச்சு நூறாண்டு கழித்து வேறு கயிற்றில்!

ஒழுங்குமுறை எங்கே அழுத்தினால் எங்கே பிதுங்கும் என்பதற்கு இரண்டு செய்திகள் போதும். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்று 2016 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. பிறகு அவற்றில் பல, சாலையை விட்டு ஊருக்குள் நகரப் பார்த்தன. பெண்கள் திரண்டு வந்து கடைகளை முற்றுகையிட்டார்கள். மற்றொன்று கசப்பானது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அரசுக் கடை இருக்கும்போதே ஏன் அங்கே போனார்கள்? அரசுக் கடை பகல் 12 மணிக்குத் திறக்கும். கால் புட்டிக்கு நூறு ரூபாய்க்கு மேல். பொட்டலம் விடியலிலேயே கிடைக்கும். பாதி விலைகூட ஆகாது. மூட்டை தூக்கப் போகிறவனுக்கு விடியற்காலம்தான் நேரம். கையில் இருப்பதும் அந்தச் சில்லறைதான். அன்றைக்கும் நாம் கேட்ட பேச்சு என்ன? "திருந்தாத சனங்கள்!"

திருந்தாதவர்களைப் பற்றி நீலகிரியில் நடந்ததையும் சொல்லி முடிப்போம். குடித்துவிட்டுக் காட்டில் எறியும் கண்ணாடிப் புட்டிகள் விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. எச்சரிக்கைப் பலகைகள் அந்த மலையில் ஆண்டுக்கணக்காக இருந்தன. 2022-இல் ஒரு புதிய ஏற்பாடு வந்தது: புட்டி ஒன்றுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவது; காலிப் புட்டியைக் கொண்டுவந்து கொடுத்தால் பத்து ரூபாயைத் திருப்பித் தருவது. விற்ற புட்டிகளில் மிகப் பெரும்பகுதி கடைக்கே திரும்பி வந்தது. பிறகு பிற மாவட்டங்களுக்கும் அதை விரித்தார்கள். அதே மலை, அதே மனிதன், அதே போதை. நேற்றுப் பாறையில் உடைத்தவன், இன்று தள்ளாடிக்கொண்டே, புட்டி கீழே விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வருகிறான்.